தூளிக்கு விலை கேட்ட காலை

1974 சித்திரையில் ஒரு சனிக்கிழமை. காலை ஏழு மணிக்குப் புதுச்சேரியில் மரக்காணம் பஸ்ஸைப் பிடித்தோம். இருபது மைலுக்குச் சற்று அதிகம். டிக்கெட் ஒரு ரூபாய் பத்துக் காசு. உடன் வந்தவர் ஒதீல் என்ற பிரெஞ்சுப் பெண்மணி. ஆரோவில்லில் தங்கி, ஊர் ஊராகப் போய்ப் பழைய துணிகளை வாங்கிச் சேர்ப்பவர். நான் வேலை பார்த்த ஜவுளிக்கடைக்கு அடிக்கடி வருவார். "நம்ம ஆளு நல்லா பிரெஞ்சு பேசுவாரு, கூட்டிட்டுப் போங்க" என்று முதலாளி என்னை அனுப்பிவைத்தார்.

என்னுடையது கடைப் பிரெஞ்சு. 'ஸெ கொம்பியேன்' என்றால் என்ன விலை. 'ஸெ த்ரோ ஷேர்' என்றால் விலை ரொம்ப அதிகம். அப்புறம் எண்கள், நிறங்கள், நலம் விசாரிப்பு. நான் சொல்லும் வேகத்தைக் கேட்டு எல்லாம் பேசுவேன் என்று நினைப்பார்கள். நானும் மறுத்ததில்லை.

காலாப்பட்டு, கூனிமேடு தாண்டி ஒன்பது மணிக்குள் மரக்காணத்தில் இறங்கினோம். கடைத்தெருவில் ஒதீல் கை காட்டியதற்கெல்லாம் விலை கேட்டுச் சொன்னேன். கருவாடு, ஓலைக்கூடை, பனைவெல்லம். பிறகு உப்பளத்துக்கு நடந்தோம். பாத்தி பாத்தியாகத் தேங்கிய நீரில் வெயில் பட்டுக் கண் கூசியது. பெண்கள் உப்பைக் கூடையில் சுமந்து கரையில் குவித்துக்கொண்டிருந்தார்கள்.

கரையோரக் கருவேல மரத்தில் ஒரு தூளி தொங்கியது. பல நிறப் புடவைத் துண்டுகளை ஒட்டுப்போட்டுத் தைத்த துணி. உள்ளே குழந்தை தூங்கியது. ஒதீல் துணியை விரலால் தொட்டு, "ஸெ கொம்பியேன்?" என்றார்.

நான் யோசிக்கவே இல்லை. கூடையை இறக்கிவிட்டு வந்த தாயிடம், "ஏம்மா, இது என்ன வெல?" என்றேன்.

அவள் பாய்ந்து வந்து குழந்தையை வாரி எடுத்தாள். "யோவ், இன்னா கேட்ட? புள்ளைய வெலைக்குக் கேக்கறியா? வெள்ளக்காரிக்குப் புள்ள புடிச்சிக் குடுக்க வந்தியா?"

மற்றப் பெண்கள் கூடைகளைப் போட்டுவிட்டு எங்களைச் சூழ்ந்துகொண்டார்கள். ஒன்றும் புரியாத ஒதீல், விலை பேசுகிறார்கள் என்று எண்ணி இருபது ரூபாய் நோட்டை நீட்டினார். தாய் இன்னும் உரக்கக் கத்தினாள். நான் சொன்னது யார் காதிலும் ஏறவில்லை.

முதலில் ஒதீலை நிறுத்த வேண்டும். குழந்தைக்கு விலை கேட்டதாக இவள் நினைக்கிறாள் என்று சொல்ல வேண்டும். அதற்கு என்னிடம் பிரெஞ்சு இல்லை. குழந்தையைக் காட்டி, "லான்ஃபான்... கொம்பியேன்..." என்று திக்கினேன். குழந்தை, என்ன விலை.

ஒதீலின் முகம் வெளுத்தது. அந்தத் தாய் குழந்தையை விற்க வந்திருக்கிறாள் என்று எடுத்துக்கொண்டுவிட்டார். "நோன், நோன்!" என்று கண் கலங்கி, பிள்ளை வேண்டாம், பணத்தை நீயே வைத்துக்கொள் என்பதுபோல் நோட்டை அவள் கையில் திணிக்கப் போனார். அவள் தட்டிவிட்டாள். நோட்டு உப்புத் தண்ணீரில் விழுந்தது.

காலித் தூளியைப் பிடித்து இழுத்து இரண்டு மொழியிலும் கத்தினேன். "துணி! திஸ்யூ! துணி மட்டுந்தாம்மா!"

சத்தம் மெல்ல அடங்கியது. ஒதீல் வாயைப் பொத்திக்கொண்டார். தாய் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"துணியா? அத்தக் குடுத்துட்டு புள்ளைய எங்கப் போட்றது? உப்புலயா?"

யாரோ ஒருத்தி சிரித்தாள். தாய் சிரிக்கவில்லை. விழித்து அலறிய குழந்தையைத் தூளியில் போட்டு, அழுகை ஓயும்வரை ஆட்டினாள். பிறகு என்னைப் பார்க்காமலே, "கெளம்புங்க" என்றாள். ஒதீல் கைகூப்பினார். எனக்குக் கை எழவில்லை.

பதினொன்றரை பஸ்ஸில் திரும்பினோம். ஒதீல், சவுக்குத் தோப்புகள் தொடங்கியதும் என் பக்கம் திரும்பி, எனக்குப் புரியட்டும் என்று ஒவ்வொரு சொல்லாகக் கேட்டார். அந்தத் தாயின் பெயர் என்ன?

கேள்வி நன்றாகவே புரிந்தது. காலையிலிருந்து எத்தனையோ பேரிடம் என் தாய்மொழியில் பேசியிருந்தேன். ஒருவரிடமும் பேர் கேட்கவில்லை. தெரியாது என்பதற்கும் பிரெஞ்சு எனக்குத் தெரியும். அதைச் சொல்ல வாய் வராமல் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.