அண்ணன் துடைத்த கணினி

எங்கள் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் முதன்முதலாகக் கணினி வந்தது எங்கள் வீட்டுக்குத்தான். செனாவாங் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்த்த அண்ணன், தொண்ணூறுகளின் நடுவில், அதைப் பழையதாக வாங்கி மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தான். அதில் ஜாதகம் கணிக்கும் நிரல் ஒன்றும் இருந்தது. பிள்ளை பிறந்தாலும் பெண் கேட்டு வந்தாலும் தோட்டத்து ஆட்கள் எங்கள் வீட்டுக்குத்தான் வருவார்கள்.

அண்ணனுக்கு ஒரு பழக்கம். சில மாதங்களுக்கு ஒருமுறை கணினியில் உள்ளதையெல்லாம் அழித்துவிட்டு, ஒரு கட்டு பிளாப்பித் தட்டுகளோடு உட்கார்ந்து, விண்டோஸை முதலிலிருந்து ஏற்றுவான். "தொடச்சு ஏத்துனாத்தான் மெசின் பறக்கும்லா" என்பான். பறக்கத்தான் செய்தது, ஒரு வாரத்துக்கு. பிறகு விளையாட்டுகள், எழுத்துருக்கள், கூட்டாளிகள் கொடுத்த கண்ட கண்ட நிரல்கள் எல்லாவற்றையும் அவனே திரும்ப ஏற்றுவான். கணினி பழையபடி முனகத் தொடங்கும். காலி வீட்டில் யாரும் விறுவிறுவென்று நடக்கலாம், சாமான் வந்து இறங்கிய பிறகல்லவா தெரியும். இதை நான் சொன்னால், "ஒனக்கு என்னா தெரியும்" என்று வாயை அடைத்துவிடுவான். கணினிக்கு ஒரு குறையும் இல்லை, அண்ணனுக்குத்தான் கை சும்மா இருக்காது என்பது என் கட்சி.

அவனோடு ஒரே ஷிப்டில் இருந்தவருக்கு என்னைப் பெண் கேட்டார்கள். ராசா என்ற ஊரில் வீடு. அண்ணனைப் பார்க்கும் சாக்கில் அவர் எங்கள் வீட்டுக்கு வந்துபோனதுண்டு. எனக்கு அவரைப் பிடித்திருந்தது, ரொம்பவே பிடித்திருந்தது. அவருடைய அம்மா பொருத்தம் பார்க்க என் ஜாதகம் கேட்டார். "வீட்டுக்கே வாங்கம்மா, கண்ணு முன்னாலயே எடுத்துத் தரேன்" என்று அண்ணன் அழைத்துவிட்டான். வருகிறவர் முன்னால் கணினி தடுமாறக் கூடாதே என்று முதல் நாளே எல்லாவற்றையும் துடைத்து ஏற்றி வைத்தான்.

ஜாதகம் சட்டென்று வந்தது. "பாத்தீங்களாம்மா வேகத்த?" என்றான். தாளில், செவ்வாய் ஏழாம் இடத்தில், தோஷம் உண்டு என்று இருந்தது.

"முன்னெல்லாம் தோஷம் இல்லன்னுதானே வரும்?" என்று எங்கள் அம்மா பதறிப்போய்க் கேட்டுவிட்டார். அதுதான் வினை. வந்தவர் எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். தேநீரைப் பாதியில் வைத்துவிட்டுக் கிளம்பினார்.

அடுத்த வாரம்தான் அண்ணனுக்கு விஷயம் பிடிபட்டது. நான் பிறந்த காலத்தில் எங்கள் நாட்டுக் கடிகாரம் இப்போதையதைவிட அரை மணி பின்னால் இருந்தது, எண்பத்திரண்டில்தான் அரசாங்கம் அதை முன்னால் தள்ளியது. அப்போது பிறந்தவர்களுக்காக அந்த அரை மணியை நிரலில் அவன்தான் கையால் திருத்தி வைத்திருந்தான். ஒவ்வொரு முறை துடைக்கும்போதும் அந்தத் திருத்தமும் போய்விடும், அவனே திரும்பப் போட்டுவிடுவான்; இந்த முறை அவசரத்தில் மறந்துவிட்டான். மறுபடி திருத்தினான். செவ்வாய் ஆறாம் இடத்துக்குப் போனது, தோஷம் இல்லை.

அந்தத் தாளோடு ராசாவுக்குப் போனான். அவருடைய அம்மா சொன்னதை வந்து ஒளிக்காமல் சொன்னான். "தம்பி, ஒரு வாரத்துல ஒங்க கம்ப்யூட்டர் செவ்வாயவே நவத்திருச்சு. எங்களுக்கு வேணாம்லா, வேற எடம் பாருங்க."

நான் அழுதேன். அண்ணன் கணினியை முடுக்கிவிட்டு அதன் முன்னால் உட்கார்ந்திருந்தான். "மறுபடி தொடச்சு ஏத்திடவா?" என்று கேட்டான்.

"எதுக்குண்ணே? நல்லாத்தானே ஓடுது."

"தெரியல தங்கச்சி. வேற என்னா பண்றதுன்னே தெரியல" என்றான்.