நீலப் பட்டை மறைந்த காலண்டர்

“மிஷின நிறுத்துங்க தம்பி!”

சொன்னவர் காளியம்மாக்கா. சிவகாசி ஆப்செட் அச்சகத்தில் வெளியாள் சொல்லி ஓடுகிற மிஷினை நிறுத்துவது வழக்கமில்லை. அன்று நிறுத்தினேன்.

அக்காவை முன்பே தெரியும். எட்டாவதோடு என் படிப்பு நின்றது. தீப்பெட்டி ஆபீஸ், பட்டாசு, ஆலங்குளத்தில் சிமெண்ட் மூட்டை என்று ஓரிடத்தில் நிற்காமல் திரிந்த காலத்தில், மன்னார் வளைகுடாக் கரையில் ஒரு ஐஸ் கம்பெனியிலும் இருந்தேன். காய்ச்சலில் கிடந்தபோது எனக்குக் கஞ்சி வந்தது அக்கா வீட்டிலிருந்துதான். விரல்களில் துணி சுற்றிக் கடலில் முங்கிப் பாசி எடுக்கும் பெண்களுக்கு அவர் தலைவி.

அங்கே தீவுகளைச் சுற்றிய கடல் பாதுகாக்கப்பட்ட பகுதி. முன்பெல்லாம் வனத்துறை விரட்டும், பெண்கள் ஓடுவார்கள். பிறகு இரு தரப்பும் உட்கார்ந்து பேசிக் குழு அமைத்தார்கள். தீவை ஒட்டி யாரும் போகக்கூடாது. அடுத்துள்ள பாறைத் திட்டில் பெண்கள் மட்டும், கையால் மட்டும், குறித்த நாட்களில் பாசி எடுக்கலாம். அதை வரைபடத்தோடு காலண்டராக அடித்து வீட்டுக்கு வீடு மாட்ட முடிவானது. ஆர்டரை எங்கள் அச்சகத்துக்கு அக்காதான் வாங்கித் தந்தார். ஒரே நிபந்தனை: முதல் தாளில் குழு சார்பில் அக்காவும் வனத்துறை சார்பில் வனவரும் சேர்ந்து கையெழுத்துப் போட்ட பிறகே மற்றதை ஓட்ட வேண்டும். அதற்காகத்தான் இருவரும் அச்சகத்துக்கு வந்திருந்தார்கள்.

வரைபடத்தில் தீவைச் சுற்றிச் சிவப்பு. வெளி எல்லைக்குக் கறுப்புக் கோடு. நடுவில் நகக்கண் அகலத்துக்கு நீலப் பட்டை. அந்த நீலம்தான் பெண்களின் இடம். முதல் நாள் கறுப்பும் நீலமும் ஓட்டி அடுக்கியிருந்தோம். சாயங்காலம் பிடித்த மழையில் தாள் ஈரம் குடித்து விரிந்துவிட்டது. அக்கா வந்த அன்று சிவப்பு ஏற்றியபோது, நிறத்தோடு நிறம் பொருந்தும் ரிஜிஸ்டர் விலகி, சிவப்பு நீலத்தை விழுங்கிக் கறுப்புக் கோட்டில் போய் முட்டியது.

எங்கள் முதலாளி அண்ணாச்சி லென்ஸ் வைத்துப் பார்த்தார். “ஒரு நூலுதான்க்கா. சாமி படத்துலயே இம்புட்டு விலகும். ஒருத்தரும் கேட்டதில்ல.”

“சாமி பொறுத்துக்கிரும். நாளைக்கு வாற புது பாரஸ்ட் கார்டு பொறுப்பாரா? செவத்தக் காட்டி, ‘அம்புட்டும் செவப்பு, ஏறு கரைக்கு’ம்பாரு. நாங்க எங்கன போக?”

வனவர் இளவயதுக்காரர். “நான் இருக்கேனேக்கா, சொல்லிக்கிறேன்.”

“நீங்க இருக்கீக சார். மாறுதல் வந்தா போயிருவீக. காலண்டருல்ல எங்ககூட கெடக்கும்?”

வனவர் சற்று யோசித்தார். திறந்த பேனாவை மூடிச் சட்டையில் குத்திக்கொண்டார். “அக்கா போடாம நான் போட முடியாது அண்ணாச்சி.”

அடுக்கு முழுவதும் வீணானால் நஷ்டம் அண்ணாச்சிக்கு. காலண்டர் சீசன் வேறு. அடுத்த ஆர்டரான முருகன் காலண்டர் காத்திருந்தது. கோபம் என் மேல் திரும்பியது. அக்கா எனக்காகக் கொண்டுவந்த கருவாட்டுப் பையைக் காட்டி, “ஏலே, ஒங்க அக்கா வந்தாலும் வந்தாக, முருகன் படம் பூரா கருவாடு நாறப் போகுது,” என்றார்.

“திருச்செந்தூர்ல கடலப் பாத்துத்தான அவரு நிக்காரு? பழகியிருக்கும் அண்ணாச்சி,” என்றார் அக்கா.

அண்ணாச்சி சிரித்துவிட்டார். சிரித்தபின் அவரால் கோபத்தைப் பிடித்து வைக்க முடியாது. “சரிலே, முருகனையே மொதல்ல ஓட்டுங்க. இதக் காய வைங்க.”

தாளைப் பிரித்துப் பிரித்துக் காற்று காட்டி, ஃபேன் போட்டுக் காயவைத்தோம். அக்காவும் வனவரும் ஊர் திரும்பாமல் தங்கினார்கள். மறுநாள் நல்ல வெயில். தாள் சுருங்கிப் பழைய அளவுக்கு வந்தது. மறுபடி ஏற்றியபோது சிவப்பு தன் இடத்தில் நின்றது. அக்கா நீலப் பட்டையின் மேல் நகத்தை ஓட்டிப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். பேனாவை வனவரிடம் நீட்டினார்.

அந்த மூவருக்கும் நான் நன்றிக்கடன் பட்டவன். இந்தத் தொழிலில் மற்றதையெல்லாம் மிஷினிடம் கற்றேன். நிறுத்துவதை மட்டும் அவர்களிடம் கற்றேன். இப்போதும் புதிதாக வருகிறவர்கள் லென்ஸில் பார்த்து, “ஒரு நூலுதானண்ணே?” என்பார்கள். அந்த நூல் அகலத்தில் பெண்கள் முங்கி எழுவதை நான் பார்த்திருக்கிறேன். மிஷினை நிறுத்திவிடுவேன்.