டோலினாவின் அம்மா கிடக்கும் இடம்

எங்கள் ஊரில் செத்தவர்களைப் புதைப்பது ஆண்களின் வேலை, சூப்பு வைப்பது பெண்களின் வேலை. யார் இப்படிப் பிரித்துக் கொடுத்தார்கள் என்று கேட்டால் சபை மூப்பர்கள் தாடையைச் சொறிவார்கள். வேதத்தில் எந்த அதிகாரம் என்று கேட்டால் போதகர் வானிலையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார். ஸ்காட்லாந்தின் லூயிஸ் தீவின் மேற்குக் கரையில் இதெல்லாம் கேட்கக்கூடாத கேள்விகள். சவப்பெட்டி வாசலைத் தாண்டியதும் ஆண்கள் இரண்டு வரிசையாக நின்று, தோள் மாற்றித் தோள் மாற்றிக் கடலோரக் கல்லறைத் தோட்டத்துக்குச் சுமந்துகொண்டு போவார்கள். நாங்கள் வாசலோடு சரி. பெட்டி போகும் வழியில் உள்ள வீடுகளெல்லாம் ஜன்னல் திரையை இறக்கிவிட வேண்டும். மரியாதையாம்! பெற்றவளைக் கொண்டுபோகும்போது ஜன்னல் வழியாகக்கூட மகள் பார்க்கக்கூடாது என்பது என்ன மரியாதையோ.

டோலினா மெக்கைவருக்கு அப்போது ஒன்பது வயது. அம்மாவை அப்படித்தான் கொண்டுபோனார்கள். திரை இறக்கிய அடுப்பங்கரையில் அவளை ஒரு முக்காலியில் உட்காரவைத்து, திரும்பி வருகிற ஆண்களுக்காக ரொட்டிக்கு வெண்ணெய் தடவச் சொன்னார்கள். தடவினாள். அதே குளிர்காலத்தில் அப்பாவின் படகும் திரும்பவில்லை. டோலினாவை கிளாஸ்கோவில் இருந்த சித்தி கூட்டிக்கொண்டு போய்விட்டாள். அண்ணன் முர்டோவுக்குப் பதினான்கு வயது. அவன் ஊரிலேயே மாமா வீட்டில் தங்கிவிட்டான்.

முப்பது வயதில் பள்ளிக்கூடச் சமையற்காரியாக டோலினா ஊருக்குத் திரும்பி வந்தாள். எனக்குப் பக்கத்து வீடு. பெரிய கரண்டி, பெரிய குரல், பிள்ளைகள் தட்டில் மிச்சம் வைக்கப் பயப்படுவார்கள். வந்த மறுநாளே அவள் அண்ணனிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"அம்மா எங்க இருக்கா, காட்டு."

எங்கள் ஊரில் பெயர் வெட்டிய கல் வைக்கக் காசுள்ளவர்கள் கொஞ்சம் பேர்தான். மற்றவர்கள் கடற்கரையிலிருந்து ஒரு கல்லை உருட்டிக்கொண்டு வந்து தலைமாட்டில் நட்டுவிடுவார்கள். எழுத்து கிடையாது. எந்தக் கல் யாருடையது என்று அந்த வீட்டு ஆண்களுக்குத் தெரியும், அது போதும் என்று நினைத்தார்கள். டோலினாவின் அம்மா, அம்மாவைப் பெற்றவள், அவளைப் பெற்றவள் என்று அந்த வம்சத்துப் பெண்கள் எல்லாரும் ஒரே இடத்தில் கிடக்கிறார்கள் என்பது மட்டும் அவளுக்குத் தெரியும். முர்டோ அவளை அழைத்துப்போய், கிழக்குச் சுவரோரம் சாய்ந்திருந்த ஒரு சாம்பல் நிறக் கல்லைக் காட்டினான்.

"இதான்."

அன்றிலிருந்து ஞாயிறு ஆராதனை முடிந்ததும் டோலினா அங்கேதான் இருப்பாள். புல்லைப் பிடுங்குவாள். காற்று சுழற்றியடிக்கிற இடத்தில் எதுவும் நிற்காது என்று தெரிந்தும் பூ வைப்பாள். அம்மாவிடம் வாய் ஓயாமல் பேசுவாள். கல்யாணம் பண்ணிக்கொள்ளாததற்கு அங்கே நின்று காரணம் சொன்னதை நானே கேட்டிருக்கிறேன். எங்களுக்கு ஒருநாளும் அந்தக் காரணத்தைச் சொன்னதில்லை.

இப்படி இருபது வருஷத்துக்கு மேல் போனது. பிறகு ஒரு வசந்தகாலத்தில் கவுன்சில்காரர்கள் புல்வெட்டும் இயந்திரம் வாங்கினார்கள். கல்லில் பட்டு இயந்திரத்தின் பல் உடைகிறதாம். எழுத்துள்ள கற்களை விட்டுவிட்டு, எழுத்தில்லாத கற்களையெல்லாம் லாரியில் அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். ஒரு வார்த்தை கேட்கவில்லை. நாங்கள் போய்ப் பார்த்தபோது சுவரோரம் முழுக்க மழித்த தலை மாதிரி இருந்தது. டோலினா ஏப்ரனைக்கூடக் கழற்றாமல், நேராக பஸ் ஏறினாள். நானும் கூடப் போனேன்.

கவுன்சில் அலுவலகத்தில் மேசைக்குப் பின்னால் ஒரு வாலிபன், கழுத்துப்பட்டை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"அங்க கல்லறை இருந்ததா எங்ககிட்ட பதிவு எதுவும் இல்லம்மா. சும்மா கிடந்த கல்லுங்கதான்."

"சும்மா கிடந்ததா? எங்க அம்மா தலைமாட்டுல கிடந்தது தம்பி!"

"அப்படின்னா பேரு எழுதியிருக்கணும் இல்லையா?"

"உங்க வீட்டுக் கட்டில்ல உன் பேரு எழுதியிருக்கா? அதுக்காக நீ தூங்கறப்போ கட்டிலைத் தூக்கிட்டுப் போயிடலாமா?"

அவன் சிரித்துவிட்டான். அதுதான் அவன் செய்த தப்பு. டோலினா சொன்னதையெல்லாம் இங்கே எழுத முடியாது. வெளியே வந்ததும், "கல்லு போனாப் போகட்டும் பெகி. இடம் எங்கயும் போகாதே. முர்டோ இருக்கான். அவன் கையால பெட்டிய இறக்கினவன்," என்றாள்.

எங்கள் வழக்கம் அது. பெட்டியைக் குழிக்குள் இறக்க எட்டுக் கயிறு. தலைமாட்டுக் கயிறு நெருங்கிய உறவுக்கு, கால்மாட்டுக் கயிறு அடுத்தவருக்கு என்று வரிசை உண்டு. அம்மாவை இறக்கியபோது அப்பா தலைமாட்டில், முர்டோ கால்மாட்டில். அந்த இடத்தில் நின்றவர்களில் இன்று உயிரோடு இருப்பது அவன் ஒருவன்தான்.

மறுநாள் மத்தியானம் டோலினா அவனைக் கல்லறைத் தோட்டத்துக்கு இழுத்துக்கொண்டு வந்தாள். கையில் ஒரு முளைக்குச்சி. அவன் காட்டும் இடத்தில் அடித்துவிட்டு, பெயர் வெட்டிய கல்லுக்குச் சொல்லிவிடுவதாக இருந்தாள். முர்டோ தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு அங்கும் இங்கும் பார்த்தான். பிறகு நடந்தான். சுவர்ப் பக்கம் போகவில்லை. கடல் பக்கம் இறங்கி, ஒரு மேட்டருகே நின்றான்.

"இங்கதான்னு நினைக்கிறேன்."

டோலினாவின் முகத்தை நான் பார்த்தேன். பார்க்காமலே இருந்திருக்கலாம்.

"அன்னிக்குச் சுவரோரம்னு காட்டினியே?"

"அப்படியா சொன்னேன்?"

"முர்டோ, நான் இருபது வருஷமா அங்க நின்னு பேசிக்கிட்டிருந்தேன்டா. யார்கிட்டடா பேசினேன்?"

அவன் தொப்பியைப் பிசைந்தான். சபையில் மூப்பர் பக்கத்தில் உட்காருகிற ஆள். ஊர்ச் சாவு ஒன்றுவிடாமல் முன்னால் நடக்கிற ஆள். இப்போது தொப்பியைப் பார்த்தபடியே பேசினான்.

"கயிறு கையில இருந்தது. அழக்கூடாதுன்னு மாமா சொல்லியிருந்தாரு. பாத்தா அழுதுருவேன்னு கண்ண மூடிக்கிட்டேன். கடைசி வரைக்கும் தெறக்கவே இல்ல. அப்புறம் யார்கிட்டயும் கேக்க வெக்கமா இருந்துச்சு. நீ வந்து கேட்டப்போ... ஒரு கல்லக் காட்டணும்னு தோணுச்சு."

கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. மெதுவாகத்தான் சொன்னாள்.

"உன்ன விட்டாங்க, நீ பாக்கல. என்ன விட்டிருந்தா நான் பாத்திருப்பேன்டா. பாத்துக்கிட்டே இருந்திருப்பேன்."

முளைக்குச்சியை அவன் காலடியில் போட்டுவிட்டு நடந்தாள். எனக்கு முர்டோமேல் இரக்கம் வரவில்லை என்று சொன்னால் பொய். ஆனால் அவன் மூடிய கண்ணைவிட, பதினான்கு வயதுப் பையனை அழக்கூடாது என்று சொன்ன வாய்மேலும், ஒன்பது வயதுப் பெண்ணை முக்காலியில் உட்காரவைத்த கைகள்மேலும்தான் எனக்கு இன்றுவரை ஆத்திரம். அவர்களும் அதே மண்ணில்தான் எங்கேயோ கிடக்கிறார்கள்.

அண்ணனும் தங்கையும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். இலையுதிர்காலத்தில் எங்கள் தெருக்கோடி வீட்டு மோராக் செத்துப்போனாள். எஃபி அவளுக்கு ஒரே மகள், நாற்பது வயதாகிறது. மகனோ வேறு ஆண் உறவோ இல்லாததால் தலைமாட்டுக் கயிறு முர்டோவுக்கு என்று மூப்பர்கள் முடிவு செய்தார்கள். வயிற்றில் பிறந்தவள் அடுப்பங்கரையில் ஆட்டிறைச்சி நறுக்கிக்கொண்டிருக்க, நாலு வீடு தள்ளி இருப்பவனுக்குத் தலைமாடு!

பெட்டி தெருவில் இறங்கியதும், மோராக் வீட்டு அடுப்பங்கரையில் இருந்த நான் எழுந்துபோய் ஜன்னல் திரையில் கை வைத்தேன். பழக்கதோஷம். டோலினா என் கையைத் தட்டிவிட்டாள். பிறகு எஃபியிடம் போய் அவள் கையிலிருந்த கத்தியைப் பிடுங்கி மேசையில் வைத்தாள்.

"கறி எங்கயும் ஓடிடாது. கோட்ட மாட்டு."

"ஐயோ டோலினா, வழக்கம் இல்லையே. ஆம்பளைங்க என்ன சொல்லுவாங்க?"

"சொல்லிட்டுப் போகட்டும். வா."

மூன்று பெண்கள் அந்த மணல் வழியில் ஆண்களுக்குப் பின்னால் நடந்தோம். கல்லறைத் தோட்டக் கதவருகே மூப்பர் டோர்மோட் கையை விரித்து மறித்தார்.

"டோலினா, பொம்பளைங்க வீட்ல இருக்கணும். சூப்ப யாரு பாக்குறது?"

"நீங்க போய்ப் பாருங்க மூப்பரே. உப்பு கம்மியா இருக்கும், போட்டுருங்க."

வரிசையில் யாரோ சிரிப்பை அடக்க இருமினார்கள். அந்த இடைவெளியில் நாங்கள் அவரைத் தாண்டிவிட்டோம். குழியருகே கயிறுகளைப் பிடித்துக்கொண்டு எட்டுப் பேர் நின்றார்கள். டோலினா முர்டோவின் முன்னால் போய் நின்று கையை நீட்டினாள். முர்டோ போதகரைப் பார்த்தான். பிறகு தலைமாட்டுக் கயிற்றை அவிழ்த்து, தங்கையிடம் கொடுக்காமல், நேராக எஃபியின் கையிலேயே வைத்து, எப்படிப் பிடிப்பது என்று சுற்றிக் காட்டினான்.

எஃபி அழுதாள். மூக்கு ஒழுக, தோள் குலுங்க, கயிற்றை விடாமல் அழுதாள். டோலினா அவள் முதுகில் ஒரு கையை வைத்துக்கொண்டு காதோடு சொல்லிக்கொண்டே இருந்தாள்.

"அழு. ஆனா கண்ண மூடாத. நல்லாப் பாத்துக்கோ. அந்தப் பக்கம் கதவு, இந்தப் பக்கம் பேரு வெட்டுன கப்பல்காரர் கல்லு. பாத்துக்கிட்டே இரு."

மண் மூடி, வேதத்துச் சங்கீதம் பாடி முடித்து ஆண்கள் கலைய ஆரம்பித்தார்கள். டோலினா எஃபியைக் கதவுவரை நடத்திக்கொண்டு வந்து, அங்கிருந்து திருப்பி நிறுத்தினாள்.

"உங்கம்மா எங்க இருக்கா, காட்டு."

எஃபி கையை நீட்டிக் காட்டினாள்.

"சரி. இனிமே நீ யாரையும் கேக்க வேண்டியதில்ல," என்றாள் டோலினா.