மூன்று தடவை வேண்டாம்

ஜெயபாண்டிக்கு ஒரு பழக்கம் உண்டு. யார் போனைக் கையில் வாங்கினாலும் முதலில் அப்டேட் ஏதும் பாக்கி நிற்கிறதா என்று பார்ப்பார். நின்றால் ஏற்றிவிட்டுத்தான் திருப்பித் தருவார். அடுத்தவர் சட்டையில் ஒட்டியிருக்கும் நூலைக் கேட்காமலே எடுத்துப் போடுகிற ஆட்கள் இருக்கிறார்களே, அந்த ரகம். திருச்சுழிக்குப் பக்கத்தில் காடுகரை வைத்திருக்கும் குடும்பம். அப்பா உக்கிரபாண்டி, புகைந்துபோன கிணற்று மோட்டாரைப் பதினெட்டு வருஷம் செப்புக் கம்பிச் சுருளை மாற்றிக் கட்டிக் கட்டியே ஓட்டினவர். அதைப் பார்த்து வளர்ந்ததாலோ என்னவோ, மகனுக்குப் பழசு என்றாலே ஆகாது.

அருப்புக்கோட்டையில் அவர் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை போட்டுப் பத்தொன்பது வருஷம் ஆகிறது. சொன்ன நேரத்துக்கு வருவார், பொய் சொல்ல மாட்டார் என்று பேர். அந்தப் பேரை அவரும் கொஞ்சம் அதிகமாகவே நம்பியிருந்தார்.

ஆயுத பூஜை வந்தால் அவருக்குப் பத்துக் கை இருந்தாலும் போதாது. மில் ஆபீஸ், ஜெராக்ஸ் கடை, வீடு என்று எல்லா இடத்திலும் கம்ப்யூட்டரைத் திறந்து தூசி தட்டி, சந்தனப் பொட்டு வைக்கத் தோதாகத் துடைத்துக் கொடுக்க வேண்டும். பூஜையில் வைத்த பொருளை மறுநாள் விஜயதசமிக்குத்தான் தொடுவார்கள். எப்படியும் ஒரு நாள் சும்மா கிடக்கிற மெஷின்தானே என்று, அதை இயக்குகிற புது சிஸ்டம் ஏற்றும் வேலையையும் அன்றைக்கே வைத்துக்கொள்வார். வீட்டைக் கழுவிவிடுகிற நாளில் கம்ப்யூட்டருக்குள் கிடக்கும் பழைய குப்பையையும் அழித்துவிடுவார். இதில் யாருக்கும் எந்தக் குறையும் வந்ததில்லை, போன ஆயுத பூஜை வரைக்கும்.

தேவிபிரியா வீட்டுக்கு அன்று காலை பத்து மணிக்குப் போனார். வீட்டில் தெலுங்கு பேசும் நெசவுக் குடும்பம். அவள் அப்பா வேங்கடபதிக்கு மூன்று வருஷத்துக்கு முன்னால் பக்கவாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. புத்தி மட்டும் துளிகூடப் பிசகவில்லை. எல்லாம் புரியும், ஒன்றும் சொல்ல முடியாது. பெண் கம்ப்யூட்டர் படித்தவள். தன் பழைய கம்ப்யூட்டரில் அவளே ஒரு புரோகிராம் எழுதினாள். உபரியாகக் கிடந்த ஒரு கீபோர்டின் கட்டைகள்மேல் சின்னச் சின்னப் படங்களை ஒட்டினாள். படத்தை அமுக்கினால் ஸ்பீக்கரில் அவள் குரல் பேசும். இடது பாதி முழுக்கத் தெலுங்கு, வீட்டுக்கு. வலது பாதி தமிழ், வெளியாட்களுக்கு. இடது கை மட்டும் வேலை செய்கிற மனிதருக்குத் தெலுங்கு கைக்குப் பக்கம். தமிழ் பேச வேண்டுமென்றால் உடம்பைச் சாய்த்து எட்ட வேண்டும்.

அவள் வாசலிலேயே சொன்னாள்: "அண்ணே, தூசி மட்டும் தட்டுங்க. உள்ள எதையும் மாத்திராதீங்க. நான் புரோகிராம் எழுதுற டூலு ரொம்பப் பழசு. புது சிஸ்டத்துல ஓடாது."

எனக்குத் தெரியாதா தாயி என்று ஜெயபாண்டி சிரித்தார். அவருக்கும், கீபோர்டு முன்னால் உட்கார்ந்திருந்த அப்பாவுக்கும் காப்பி வைத்துவிட்டு அவள் பொரியும் வாழைக்கன்றும் வாங்கக் கடைத்தெருவுக்குப் போனாள்.

தூசி தட்டினார். துடைத்தார். போட்டுப் பார்த்தார், பேசுகிற புரோகிராம் தானாகத் திறந்துகொண்டது. திரையின் மூலையில் புது சிஸ்டம் அப்டேட் பாக்கி என்று மஞ்சள் நிறத்தில் நின்றது. பழைய டூல் ஓடாது என்று எல்லோரும்தான் சொல்கிறார்கள், ஏற்றின பிறகு எல்லாம் ஓடத்தான் செய்கிறது, பாவம் இந்தப் பிள்ளைக்குப் பயம் என்று நினைத்தார். கை தன்னால் போய் அமுக்கியது.

பாதி ஏறிக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து தேவிபிரியாவின் குரல் கேட்டது. "வேண்டாம்." திரும்பிப் பார்த்தால் வேங்கடபதி நாற்காலியில் வலது பக்கம் சரிந்து உட்கார்ந்திருந்தார். "வேண்டாம்" என்றது ஸ்பீக்கர், மறுபடியும். காப்பி வேண்டாம்போல என்று ஜெயபாண்டி அவர் டம்ளரை எடுத்துத் தள்ளி வைத்தார். மூன்றாவது தடவையும் சொன்னது. சரிங்கய்யா, சரிங்கய்யா என்று சிரித்துக்கொண்டே புது சிஸ்டத்தை ஏற்றி முடித்தார். பழைய சிஸ்டத்துக்குத் திரும்பிப் போக ஒரு வழி விட்டு வைத்திருக்கும், அதுவும் இடத்தை அடைக்கிறது என்று அதையும் குப்பையோடு சேர்த்து அழித்தார். மெஷினை அணைத்துச் சந்தனம் வைத்தார். அவள் திரும்பி வந்து கொடுத்த பொரிகடலைப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார்.

மறுநாள் காலையில் போன் வந்தது. புரோகிராம் திறக்கவில்லை, டூலும் திறக்கவில்லை, அப்பா கட்டையை அமுக்கி அமுக்கிப் பார்க்கிறார் என்றாள். ஜெயபாண்டி ஓடினார். திரையைப் பார்த்ததுமே விஷயம் புரிந்துவிட்டது. புது சிஸ்டம் அந்த டூலைச் சேர்த்துக்கொள்ளவில்லை. புரோகிராம் பேசுவதற்கு வேண்டிய உறுப்புகளும் அந்த டூலோடு வந்தவைதான். எழுதினதும் பதிந்த குரலும் பத்திரமாக இருந்தன, ஓட்டத்தான் ஒன்றும் இல்லை.

உண்மையைச் சொல்ல வாய் திறந்தார். வந்தது வேறு. "இன்டர்நெட் இருந்தா அதுவா ஏறிக்கிரும் தாயி. இப்ப எல்லா எடத்துலயும் இப்பிடித்தான்."

பூஜை அவசரத்தில் இன்டர்நெட் ஒயரைப் பிடுங்கி வைக்காமல் விட்டது தான்தான் என்று சொல்லித் தலையில் அடித்துக்கொண்டாள். அப்பா காலருகே உட்கார்ந்து தெலுங்கில் ஏதோ சொல்லி அழுதாள். மொழி தெரியாவிட்டாலும் மன்னிப்புக் கேட்கிறாள் என்பது ஜெயபாண்டிக்குத் தெரிந்தது. இல்லை என்பதுபோல வேங்கடபதி தலையைத் தலையை ஆட்டினார். ஜெயபாண்டியையே பார்த்தார். ஜெயபாண்டி ஸ்குரூ டிரைவரைத் தேடுவதுபோலக் குனிந்துகொண்டார்.

பழைய சிஸ்டத்தின் டிஸ்க் அவர் கடையிலேயே இருந்தது. டூலின் டிஸ்க்தான் இல்லை. தேவிபிரியாவிடம் இருந்தது எப்போதோ தொலைந்துவிட்டது. அவள் படித்த கம்ப்யூட்டர் சென்டரையே மூடிவிட்டார்கள். ஜெயபாண்டி வீரசோழன் ஊர் வரைக்கும் பஸ் ஏறிப் போய்த் தெரிந்த கடைகளில் விசாரித்தார். அந்தக் காலத்து டிஸ்க்கா என்று எல்லோரும் சிரித்தார்கள். தினமும் சாயங்காலம் அந்த வீட்டுக்குப் போய் இன்னும் கிடைக்கவில்லை என்று சொல்லிவிட்டு வருவார். போனில் அதே படங்களைப் போட்டு அப்பாவிடம் கொடுத்துப் பார்த்தேன் என்றாள் ஒரு நாள். நடுங்குகிற விரலுக்கு அது ஒத்துவரவில்லை, தள்ளிவிட்டாராம். இன்னொரு நாள், அவர் அந்த நாற்காலியில் உட்காருவதையே விட்டுவிட்டார் என்றாள். "எனக்காக எம்புட்டு அலையுறீகண்ணே" என்று ஒவ்வொரு நாளும் சொன்னாள். அவள் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். தன் வீட்டில் மனைவி தங்கலட்சுமி சோற்றைப் போட்டுவிட்டு, என்ன யோசனை என்று கேட்பாள். அவளிடமும் அவர் சொல்லவில்லை.

பன்னிரண்டாம் நாள் காரியாபட்டியில் ஆள் அகப்பட்டார். அந்த சென்டரில் பாடம் நடத்தின நல்லகண்ணு, இப்போது சிமெண்டுக் கடை வைத்திருக்கிறார். சென்டர் டிஸ்க்கெல்லாம் தம்பியின் மக்காச்சோளக் காட்டில் குருவி விரட்டத் தொங்குது என்றார். ஒன்றுகூடவா மிச்சமில்லை என்று ஜெயபாண்டி கேட்டார். பிறகு பீரோவைக் குடைந்து, மிச்சமிருந்த நாலைந்தை நல்லகண்ணு எடுத்துப் போட்டார். மூன்றாவது டிஸ்க்கில் அந்த டூல் இருந்தது.

பதிமூன்றாம் நாள் பழைய சிஸ்டத்தையே திரும்ப ஏற்றினார். டூலைப் போட்டார். தேவிபிரியா பக்கத்திலிருந்து ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்லச் செய்தார். புரோகிராம் எழுந்தது. அவள் அப்பாவைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்து உட்கார வைத்தாள். வேங்கடபதி கீபோர்டைக் கொஞ்ச நேரம் தடவிக்கொண்டே இருந்தார். பிறகு அமுக்கினார். 'நீள்ளு' என்றது ஸ்பீக்கர். தண்ணீர். அவள் சிரித்துக்கொண்டே அழுதுகொண்டே ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தாள். அப்படியே காப்பியும் போட்டாள். ஜெயபாண்டிக்கு ஒரு டம்ளர், அப்பாவுக்கு ஒரு டம்ளர்.

வேங்கடபதி காப்பியைப் பார்த்தார். கையை நகர்த்தாமல், பக்கத்திலேயே இருந்த தெலுங்குக் கட்டையை அமுக்கினார். 'வத்து' என்றது. வேண்டாம் என்று அர்த்தம் என்று அவளே சிரித்தபடி ஜெயபாண்டிக்குச் சொன்னாள்.

ஜெயபாண்டி கையில் டம்ளர் அப்படியே நின்றது. காப்பி வேண்டாமென்றால் இவர் மகளிடம் தெலுங்கில்தான் சொல்வார், அதுதான் கைக்கும் பக்கம். அன்றைக்கு உடம்பைச் சரித்து, வலது பாதி வரைக்கும் எட்டி, தமிழில் சொன்னார். வீட்டில் அப்போது தமிழ் ஆள் ஒருவர்தான் இருந்தார். மகள் சொல்லிவிட்டுப் போனதைக் கேட்டுக்கொண்டிருந்த மனிதர், தன் பேச்சைக் காப்பாற்றிக்கொள்ள மூன்று தடவை கேட்டிருக்கிறார். ஜெயபாண்டி டம்ளரை நகர்த்தி வைத்திருக்கிறார்.

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். "தாயி, அது தானா ஏறல. நான்தான் ஏத்துனேன். நீ சொல்லியும் ஏத்துனேன். திரும்பி வர்ற வழியையும் குப்பைன்னு நான்தான் அழிச்சேன். ஐயா வேண்டாம்னு சொன்னாக. மூணு தடவ சொன்னாக. காப்பிய வேண்டாங்காகன்னு நெனச்சுட்டேன்."

தேவிபிரியா அவர் பக்கம் திரும்பினாள். பிறகு மெதுவாகத்தான் கேட்டாள். "பதிமூணு நாளா, அப்பா வாயை நான்தான் அடைச்சேன்னு அழுதுக்கிட்டுக் கெடந்தேன். அதப் பாத்துக்கிட்டேதானண்ணே தெனமும் வந்து போனீக?"

ஜெயபாண்டி ஆமாம் என்றார்.

திரையின் மூலையில், புது சிஸ்டம் தயாராக இருக்கிறது என்று அதே மஞ்சள் அறிவிப்பு மறுபடியும் எட்டிப் பார்த்தது. இதை இனிமேல் வராதபடி அடைத்துக் கொடுத்துவிட்டாவது போகலாம் என்று ஜெயபாண்டி மவுஸை நோக்கிக் கையை நீட்டினார். வேங்கடபதி நாற்காலியில் சரிந்தார். இடது கை மெல்ல மெல்ல வலது பாதிக்கு எட்டிப் போனது.

"வேண்டாம்" என்றது ஸ்பீக்கர்.

ஜெயபாண்டி கையை எடுத்துவிட்டார். "சரிங்கய்யா, தொடல" என்று சொல்லி, இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு சுவர் ஓரமாக நின்றார். தேவிபிரியா வந்து உட்கார்ந்து அந்த அறிவிப்பை மூடினாள். பிறகு இன்டர்நெட் ஒயரைத் தன் கையாலேயே பிடுங்கிச் சுருட்டி வைத்தாள்.