ரோசலின் சொன்னதும் எனக்குக் கிடைத்த கைதட்டலும்

போன ஞாயிற்றுக்கிழமை மாத்தளையில் ஒரு பெண்கள் கூட்டம். அதில் பேசி, பலமாகக் கைதட்டல் வாங்கிக்கொண்டு வந்தேன். வந்ததிலிருந்து மனசு சரியில்லை.

பேசியது அமெரிக்கக் கறுப்பினப் பெண்களின் எழுத்தைப் பற்றி. 'பெண்கள் எல்லோரும் சகோதரிகள்' என்று வெள்ளைக்காரப் பெண்கள் மேடை போட்டுப் பேசிக்கொண்டிருந்தபோது இவர்கள் குறுக்கே கேட்டார்கள் – நீங்கள் கூட்டத்துக்கு வந்துவிட்டீர்கள், உங்கள் வீட்டில் பிள்ளையை வைத்திருப்பது யார்? அதற்குப் பிறகு பெண்ணியம் பழைய மாதிரிப் பேச முடியவில்லை.

அப்படி ஒரு கட்டுரையை மொழிபெயர்த்து, வீட்டில் சத்தமாக வாசித்துப் பார்த்தேன். கேட்டவள் ரோசலின். ரத்தோட்டைப் பக்கத் தேயிலைத் தோட்டத்தில், லயம் என்கிற வரிசை வீட்டிலிருந்து வந்து, என் வீட்டோடு தங்கி, என் மகனைப் பார்த்துக்கொள்பவள். அவளுக்குப் புரிந்தால் ஊருக்கே புரியும் என்று நினைத்தேன். என்ன திமிர் பாருங்கள்.

"அந்தப் பொம்பளைங்க எந்தத் தோட்டம் டீச்சர்?"

"அமெரிக்கா."

"அங்கயும் லயமா?"

பிறகு அவளே சொன்னாள்: "மாசத்துக்கு ஒருக்கா வீட்டுக்குப் போறேன். எம்புள்ள என்னயப் பாத்துட்டு அவ பெரியம்மா பின்னால ஒளியுறா. ஒங்க புள்ள என்னான்னா, என் இடுப்ப விட்டு எறங்க மாட்டேங்குறான்."

நான் பேனாவை எடுத்து எழுதிக்கொண்டேன்.

"நானும் கூட்டத்துக்கு வரட்டுங்களா டீச்சர்?" என்றாள். மூன்று வருஷத்தில் அவள் எனக்கென்று வாய் திறந்து கேட்டது இது ஒன்றுதான்.

"நீ வந்தா தம்பிய யாரு பாக்குறது?"

நான்தான் சொன்னேன்... கையில் அந்தக் கட்டுரையை வைத்துக்கொண்டு.

கூட்டத்தில் கட்டுரைக்குச் சும்மா தலையாட்டினார்கள். ரோசலின் சொன்னதைச் சொன்னபோதுதான் மண்டபமே கைதட்டியது. பஸ்ஸில் ஆமி செக்பொயின்டுக்குச் செக்பொயின்ட் இறங்கி ஏறிக் கொழும்பிலிருந்து வந்திருந்த ஒரு பெண்மணி, "உங்களுக்கு எப்பிடி இப்பிடியெல்லாம் தோணுது?" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். இது ரோசலின் சொன்னது என்று சொல்லாமல் நான் சிரித்துக்கொண்டு நின்றேன். எங்கள் வாழ்க்கையை எடுத்து நீங்கள் பேர் வாங்குகிறீர்கள் என்று கறுப்பினப் பெண்கள் பக்கம் பக்கமாக எழுதியது இந்தத் திருட்டைத்தானே?

வீட்டுக்குள் நுழைந்ததும் ரோசலின் கேட்டாள். "எம் பேரச் சொன்னீங்களா டீச்சர்?"

"சொன்னேன்."

"எல்லாரும் கேட்டாங்களா?"

"கேட்டாங்க."

அவளுக்கு முகமெல்லாம் சந்தோஷம்.

உண்மையை இங்கே எழுதிவிட்டேன். தைரியம் என்று நினைத்துவிடாதீர்கள் – ரோசலினுக்கு வாசிக்கத் தெரியாது.