அண்ணனின் இரண்டு பிறந்தநாட்கள்

“பொறந்த தேதி இன்னா சார்?” என்று கேட்டார் கல் செதுக்குகிறவர். தாம்பரம் ஜி.எஸ்.டி. சாலையோரம் அவருடைய பட்டறை. கறுப்புக் கிரானைட் பலகையில் அண்ணனின் பெயரைச் சாக்பீஸால் எழுதி முடித்திருந்தார். இறந்த தேதியை உடனே சொல்லிவிட்டேன். பிறந்த தேதிக்கு வாய் வரவில்லை. அண்ணன் போனதிலிருந்து எனக்கு எல்லாமே அப்படித்தான். மாரடைப்பு என்று ஆஸ்பத்திரியில் சொன்னபோதும், குழியில் மண் போட்டபோதும் அழுகை வரவில்லை. பசித்தது, சாப்பிட்டேன். பஸ் வந்தது, ஏறினேன். மரத்துப்போன காலை இழுத்துக்கொண்டு நடப்பதுபோல நாட்கள் போயின.

“இன்னா சார், கூடப் பொறந்தவரு தேதி தெரியலையா?” என்று சிரித்தார் அவர். தெரியாமல் இல்லை. இரண்டு தேதிகள் இருந்தன.

அண்ணன் பிறந்தது செப்டம்பர் பதினொன்று. இரும்புலியூரில் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனபோது, ஜூலைக்குள் ஐந்து வயது முடியவில்லை, அடுத்த வருஷம் வாருங்கள் என்றார்களாம். அப்பா கெஞ்சியதில் மனமிரங்கிய தலைமையாசிரியர், “சரி, ஜூலை நாலுன்னு போட்டுக்கிறேன்” என்று பேனாவைத் திறந்துவிட்டார். எங்கள் தலைமுறையில் பாதிப்பேருக்கு இப்படி ஹெட்மாஸ்டர் கொடுத்த பிறந்தநாள் ஒன்று உண்டு. அதனால் யாரும் கெட்டுப்போனதில்லை. அண்ணனுக்குத்தான் அது விநோதமாக விடிந்தது.

நாவலூரில் அமெரிக்கக் கம்பெனி ஒன்றுக்குக் கணக்கு பார்க்கும் அலுவலகத்தில் அவருக்கு வேலை. சான்றிதழ் தேதியைப் பார்த்து எல்லோருக்கும் கேக் வெட்டுவார்கள். ஜூலை நாலு அமெரிக்காவின் சுதந்திர தினம். அவர்களுக்கு விடுமுறை என்றால் இவர்களுக்கும் விடுமுறை. வாழ்த்த ஆள் இருக்காது. செப்டம்பர் பதினொன்று நியூயார்க்கில் இரட்டைக் கோபுரங்கள் விழுந்த நாள். அன்று அங்கிருந்து பேசுகிறவர்கள் மௌன அஞ்சலியோடுதான் ஆரம்பிப்பார்களாம். அந்த நேரத்தில் எனக்கு பர்த்டே என்று எந்த முகத்தோடு சொல்வது? “ஒரு நாள் அவன் கொண்டாடுறான், ஒரு நாள் அவன் அழறான். நடுவுல எனக்கு ஏதுடா இடம்?” என்பார் அண்ணன். சொல்லிவிட்டு அவரே சிரிப்பார்.

அம்மாவுக்குச் சிரிப்பு வராது. கோபுரங்கள் விழுந்த அந்தச் சாயங்காலம் வாங்கி வைத்த கேக்கை மறந்துவிட்டு நாங்கள் எல்லோரும் டிவி முன்னால் நின்றிருந்தோம். பிறகு ஒவ்வொரு வருஷமும் அந்தக் காட்சி வந்தால், “அதை அணைங்கடா, எம்புள்ள பொறந்த நாளும் அதுவுமா” என்பாள். தன் நாளை யாரோ பிடுங்கிக்கொண்ட ஆற்றாமை அவளுக்கு.

கல்லறைத் தோட்டத்தின் செயலாளர், சான்றிதழில் உள்ள பிறந்த தேதிதான் கல்லிலும் இருக்க வேண்டும் என்றார். எனக்கு எந்தத் தேதியானாலும் ஒன்றுதான், தலையாட்டிவிட்டேன். அம்மா விடவில்லை.

“வலிச்சது எனக்கு, பெத்தது நான். அன்னிக்கு ஹெட்மாஸ்டரா பக்கத்துல வந்து நின்னாரு, சார்? உசுரோட இருந்தவரைக்கும் அவன் பொறந்தநாள் அவனுக்குக் கிடைக்கல. கல்லுலயாவது இருக்கட்டும்.”

செயலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “சரிம்மா, பதிவுல ஜூலையே இருக்கட்டும். கல்லுல நீங்க சொல்றதைப் போட்டுக்கோங்க” என்றார். கல் தயாரானதும் போய்ப் பார்த்தேன். எழுத்து நேராக வந்திருக்கிறது என்று தோன்றியது. அதற்குமேல் ஒன்றும் தோன்றவில்லை.

இந்தச் செப்டம்பர் பதினொன்று அன்று கல்லறையில் பூ வைத்துவிட்டு வந்து, சாயங்காலம் சும்மா டிவியைப் போட்டேன். நியூயார்க்கில் இறந்தவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டிருந்தார்கள். மைக்குக்குப் பக்கத்தில் ஒரு வயதான அம்மாள், இளைஞன் ஒருவனின் படத்தை நெஞ்சோடு அணைத்தபடி தன் முறைக்குக் காத்து நின்றாள். பதறிப்போய் ரிமோட்டைத் தேடினேன். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“இருடா, மாத்தாத. அந்தம்மா புள்ள பேரை இன்னும் சொல்லல.”

அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். அண்ணன் போனபின் எனக்கு அழுகை வந்தது அன்றைக்குத்தான்.