ஒட்டுக்குக் கீழே

ஜொகூர் ஸ்கூடாயில் ஓர் ஆய்வுக்கூடத்தில் பத்து வருஷம் உதவியாளராக இருந்தேன். அங்கே ஆப்பிள் ஆராய்ச்சி செய்த டாக்டர் என்னைவிடச் சின்னவர். என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார். குளிரே இல்லாமல் காய்க்கும் ஆப்பிள் ரகம் ஒன்றை உண்டாக்க வேண்டும், அவருக்கு வேறு நினைப்பே கிடையாது. "ஜொகூர்ல ஆப்பிளா? அலமாக்!" என்று சிரித்தவர்களுக்குப் பதில் சொல்லவே மாட்டார்.

இரண்டு ரகங்களைக் கலந்து முளைக்கவைத்தோம். நூற்றுக்கணக்கான கன்றுகளின் இலைகளில் மரபணுச் சோதனை செய்ததில், அவர் தேடிய குணம் ஒரே ஒரு கன்றில்தான் இருந்தது. அதன் கிளையை, வெக்கை தாங்கும் வேறொரு ஆப்பிள் செடியின் அடித்தண்டில் ஒட்டுக் கட்டி, கோத்தா திங்கித் தோட்டத்தில் நட்டேன். அடுத்த மாதமே தாய்க்கன்று அழுகிச் செத்தது. மிஞ்சியது நான் கட்டிய அந்த ஒட்டுச்செடி மட்டும்.

வருஷக் கடைசியில் வெள்ளம் வந்தது. தண்ணீர் வடிந்ததும் போய்ப் பார்த்தேன். செடியின் மேல்பாகம் பட்டுப்போயிருந்தது. ஒட்டுக் கட்டிய இடம் சேற்றில் புதைந்திருந்தது. இரண்டு வாரம் கழித்துச் சேற்றை முட்டிக்கொண்டு ஒரு துளிர் வந்தது. டாக்டர் போனில் கேட்டார்: "ஒட்டுக்கு மேலயா வந்திருக்கு, கீழயாக்கா?"

கீழே என்றால் அது வெறும் அடித்தண்டின் துளிர், எங்கள் கன்று செத்துவிட்டது என்று அர்த்தம். தோண்டிப் பார்த்திருக்கலாம். பயமாக இருந்தது.

"மேலதான் டாக்டர்."

அவர் அழுவது கேட்டது. சந்தோஷ அழுகை. அதற்குமேல் எப்படி மாற்றிச் சொல்வது?

ஆறு வருஷம் அந்த மரத்துக்கு உழைத்தோம். பூக்கவைக்க வருஷா வருஷம் இலையை உருவினோம். இலையை மறுபடி சோதித்துப் பார்க்க அவருக்குத் தோன்றவேயில்லை. என் வார்த்தை போதுமாக இருந்தது. போன வருஷம் நான்கு காய் காய்த்தது. கடித்தால் பல் கூசும் புளிப்பு. "மொத காய்தானே, அப்படித்தான் இருக்கும்லா," என்றார். புது ரகமாகப் பதிவு செய்ய மரபணுச் சோதனை தேவைப்பட்டது. முடிவு வந்தது: அது அடித்தண்டுச் செடி. எங்கள் கலப்புக் கன்று வெள்ளத்தோடேயே செத்துப்போயிருந்தது.

மறுநாள் அவர் தோட்டத்துக்கு வந்து கையாலேயே மண்ணைத் தோண்டினார். ஒட்டுத் தழும்பும் அதன்மேல் மக்கிய குச்சியும் தெரிந்தன. துளிர் அதற்கு ஒரு விரல் கீழேயிருந்து கிளம்பியிருந்தது.

"மேலன்னு சொன்னீங்களேக்கா."

திட்டியிருந்தாலாவது காலில் விழுந்திருப்பேன். அவர் கையைக் கழுவிக்கொண்டு காரில் ஏறிவிட்டார்.

இறுதி அறிக்கையில் தோல்விக்குக் காரணம் வெள்ளம் என்று எழுதினார். தோட்டத்து நிலத்தை ஆய்வுக்கூடம் திரும்ப எடுத்துக்கொண்டது. அவர் ஆராய்ச்சியை விட்டுவிட்டதாகக் கேள்வி. நான் பெர்மாஸ் ஜெயாவில் மருந்துக்கடை ஒன்றில் இப்போது வேலை செய்கிறேன். மன்னிப்புக் கேட்க இரண்டு முறை போனை எடுத்தேன். கேட்டு என்ன ஆகப்போகிறது? அந்தக் கன்று இனி எங்கும் இல்லை.